மூஞ்சி டீச்சர்

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. டீச்சரின் பெயர் ஞாபகம் வராமல், "சுவத்துல மூஞ்சி மூஞ்சியா ஒட்டி வெச்சிருப்பாங்களே, அந்த டீச்சர் எங்க?" என்று காவலாளியிடம் கேட்டது. காவலாளிக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரத்துக்குள் அலுவலகம் முழுக்க அவர் மூஞ்சி டீச்சர் ஆகிவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு இருக்கற மூஞ்சிக்கு இதைவிடக் கேவலமா வெச்சிருக்கலாம். தப்பிச்சேன்" என்று சிரித்தார்.

குழந்தைகள் நல அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அவருடைய அறை. முன்பு பழைய கோப்புகளைப் போட்டுவைத்த இடம். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். சுவரெங்கும் காகிதத் தட்டில் பிள்ளைகள் வரைந்த முகங்கள்: வாய் கோணியது, கண் பிதுங்கியது, பல்லைக் கடித்தது, எதுவுமே இல்லாமல் வெறும் வட்டமாக விட்டது.

சனிக்கிழமைகளில் வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் அங்கே வருவார்கள். சிலருக்குப் பெற்றவர்கள் இல்லை. சிலருக்கு இருந்தும் இல்லை. அலுவலகம் அவர்களை வேறு குடும்பங்களில் கொண்டுபோய் விடும். சில இடம் ஒட்டும், சில இடம் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அடுத்த வீடு. தங்கள் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் கண்டுகொள்ளவும், அதை அடிக்காமல் உடைக்காமல் வாயால் சொல்லவும், எதிரே நிற்பவருக்கும் ஒரு மனசு உண்டு என்று யோசிக்கவும் பழக்குவதுதான் டீச்சரின் வேலை. அலுவலகம் அதை உணர்வுத் திறன் வகுப்பு என்று சொன்னது.

டீச்சர் அதற்கென்று படித்தவர் இல்லை. பல வருஷம் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தார். பள்ளியை மூடிவிட்டார்கள். வேலை தேடியபோது இது கிடைத்தது. சேர்ந்த புதிதில் கொடுத்த பயிற்சியில் சொன்னபடி, "உனக்கு எப்ப மகிழ்ச்சியா இருக்கும்?" என்று ஒரு பையனிடம் கேட்டார். அவன் பெஞ்சைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மனசு என்ற ஒன்று இருப்பதையே மறந்தால்தான் பிழைக்க முடியும் என்று பழகிய பிள்ளையிடம் மனசைப் பற்றிக் கேட்பது, பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று காப்பி கேட்பது மாதிரி.

அதனால் அவர் உடம்பிலிருந்து தொடங்கினார். வயிறு எப்படி இருக்கிறது, தொண்டை அடைக்கிறதா, கை என்ன செய்ய நினைக்கிறது என்று கேட்டார். ஒருத்தன் தன் கோபம் முழங்காலில் இருப்பதாகச் சொன்னான். இன்னொருத்தி, பயம் வந்தால் காது சுடும் என்றாள். மெல்ல மெல்ல வார்த்தைகள் வந்தன. எதற்கெடுத்தாலும் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பையன் ஒருவன், ஒரு நாள் தன் வளர்ப்பு அப்பாவிடம் போய், "உங்க மேல எனக்குக் கோபம் வந்திருக்கு. கொஞ்ச நேரம் மொட்டைமாடியில இருந்துட்டு வரேன்" என்று சொன்னானாம். அந்த மனிதர் திகைத்துப்போய், "சரிங்க சார், போயிட்டு வாங்க" என்று வழிவிட்டாராம். அதை அவரே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டீச்சர் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார்.

வீட்டில் கணவர் மட்டும்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவர். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, பிறகு பேசாமலிருக்கவும் பழகி, இப்போது நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொள்ளும் நிலைக்கு இருவரும் வந்திருந்தார்கள்.

பூனை வந்தது அதற்குப் பிறகு. அது வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமிக்கு அவளுடைய வளர்ப்பு அப்பா வைத்த செல்லப் பெயர். அவர் பஸ் ஓட்டுநர். "வர்ற சத்தமே கேக்காது டீச்சர். திரும்பிப் பாத்தா பக்கத்துல நிக்கும். பூனைக்குட்டியேதான்" என்று பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். பிள்ளைக்காகப் பல காலம் ஏங்கியவர்கள். பூனைக்கு அப்போது எட்டு வயது. அது அவளுக்கு நான்காவது வீடு.

"தங்கம் டீச்சர்" என்றார் தையல்காரம்மா. "ஒரு வேலை சொல்ல வேண்டியதில்ல. ஊசி கீழ விழுந்தா நான் குனியறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவா. வந்த அன்னைக்கே என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டா. நான் செஞ்ச புண்ணியம்."

வகுப்பிலும் அவள் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் சிந்திய வண்ணத்தைத் துடைப்பாள். டீச்சர் தும்முவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்துவாள். யார் முகம் கொஞ்சம் வாடினாலும் முதலில் கவனிப்பவள் அவள்தான். வகுப்பைப் பார்க்க வந்த மேலதிகாரியம்மா, "இந்தப் பொண்ணுக்கு உங்க வகுப்பே தேவையில்லையே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

டீச்சருக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிவாதம் வேண்டாமா? ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? இவள் முகமோ துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அம்மா என்ற சொல்லை முன்பு இருந்த வீடுகளிலும் முதல் நாளே சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, அந்தச் சொல்லையும் ஒரு சடங்காகச் சொல்லிவிட்டுத்தான் அவள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தாள்.

மாதக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பூனை வெகுநேரமாக வரைந்துகொண்டிருந்த படத்தின் மேல் டீச்சரின் கை பட்டுத் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. படம் முழுக்க ஊறிப் போயிற்று.

"பரவால்ல டீச்சர்" என்றாள் பூனை உடனே.

"பரவால்லைன்னு உன் வாய் சொல்லுது. உன் கை என்ன சொல்லுதுன்னு பாரு."

பூனை குனிந்து பார்த்தாள். விரல்கள் வெளுத்துப்போகும்படி முஷ்டி இறுகியிருந்தது. வேறு யாருடைய கையோ தன் மடியில் கிடப்பதுபோல அதையே பார்த்தாள்.

"அந்தக் கைக்கு என்ன பண்ணணும் போல இருக்கு?"

காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. "கிள்ளணும்."

"யாரை?"

"உங்களை."

"அட! இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த இதை?" டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. களிமண் உருண்டை ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதுதான் நான். கிள்ளு."

பூனை கிள்ளினாள். முதலில் பயந்து பயந்து, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு. உருண்டை துண்டு துண்டாகும் வரை நிறுத்தவில்லை. முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவள் சிரித்து யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அணை திறந்த கதைதான். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நாள் தையல்காரம்மாவுக்கும் அது வேடிக்கையாக இருந்தது. "நேத்து வாயைத் திறந்து, இந்தச் சட்டை நல்லாவே இல்லைன்னுட்டா டீச்சர். தைச்சவளுக்கு முன்னாடியே!" என்று சிரித்தார்.

பிறகு ஒரு நாள் பூனை அவரிடம், "உங்களை அம்மான்னு கூப்பிட எனக்கு இன்னும் வரல ஆண்ட்டி. வந்ததும் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் வாழ்நாளில் சொன்னவற்றிலேயே மிக உண்மையான பேச்சு அதுதான் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் அதை வாங்கிக்கொண்ட தையல்காரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டதுபோல அவருக்கு இருந்தது. அன்றிலிருந்து அவர் சிரித்துப் பேசுவது குறைந்தது. அது குறைந்ததை எல்லோருக்கும் முன்னால் மோப்பம் பிடித்தவள் பூனைதான். முன்பென்றால் இன்னும் நாலு பாத்திரம் சேர்த்துக் கழுவியிருப்பாள். இப்போது அந்தப் பழைய வழி அவளுக்கு அடைபட்டுவிட்டது. புது வழியோ இன்னும் முழுசாகப் போடப்படவில்லை. பயம் வந்தபோது கத்தினாள். தையல்காரம்மா கடைக்குப் போய்வரத் தாமதமானால், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்க மறுத்தாள். பொத்தான் டப்பாவைத் தெருவில் வீசினாள். ஒரு நாள், தைத்து முடித்து மடித்து வைத்திருந்த சீருடைகளைக் கத்தரியால் வெட்டி வைத்தாள்.

தையல்காரம்மா வெட்டிய துணிகளோடு மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன டீச்சர் பண்ணி வெச்சிருக்கீங்க? அமைதியா இருந்த புள்ள!"

"உக்காருங்க. தண்ணி குடிங்க." டீச்சர் பொறுமையாகச் சொன்னார். "அவ முன்ன அமைதியா இல்லம்மா. பயத்துல இருந்தா. இப்பதான் உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்கா. நம்பாத இடத்துல யாரும் வாய்விட்டு அழமாட்டாங்க. இப்படிப் பண்ணாலும் இவங்க என்னை வெச்சுக்குவாங்களான்னு பாக்கறா."

"எனக்குப் புரியுது டீச்சர். நீங்க சொல்றது நல்லாவே புரியுது." அந்த அம்மாள் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "புரிஞ்சு என்ன பண்றது? அவ கத்தறப்ப எனக்கும் கத்தணும் போல இருக்கு. ஒரு நாள் அடிச்சிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. அவளுக்குச் சொல்லிக் குடுக்க நீங்க இருக்கீங்க. எனக்கு யாரு இருக்கா?"

 வளர்ப்புப் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டிருந்தார். ஆள் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. பிள்ளையின் மனக்கதவைத் திறந்துவிட்டோம், திறந்ததும் உள்ளேயிருந்து வருவதைத் தாங்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் பலம் இல்லையே என்று அன்று முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. தன்னால் முடிந்தவரை அந்த வீட்டுக்குப் போனார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மாளின் பேச்சைக் கேட்டார். சில நாள் பூனையோடு மூவரும் சேர்ந்து சிரித்ததும் உண்டு. ஆனால் விரிசல் விட்ட சுவரில் காகிதம் ஒட்டின கதையாகத்தான் இருந்தது.

முடிவைச் சொல்ல வந்தவர் ஓட்டுநர். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனபின், வேலைச் சீருடையிலேயே வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பூனையை இனிமே வெச்சுக்க முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டோம் டீச்சர். என் வீட்டுக்காரியால முடியல. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். அழுதுகிட்டே இருக்கா." தொப்பியைக் கையில் திருகினார். "பஸ்ஸுல பிரேக் பிடிக்கலைன்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். வீட்டுல பிடிக்கலைன்னா என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க."

"பூனைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எங்க சொல்ல? நாங்க பேசறதுக்கு முன்னாடியே அவ பெட்டியைக் கட்டிட்டா." அந்தப் பெரிய மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

டீச்சர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நாம கூட்டிட்டு வந்துடலாமாங்க?" என்று கேட்டார். கேட்டதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.  கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிடிக்கவில்லை போலும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். மறுநாள் மாலை பார்த்தால், மனிதர் பக்கத்து அறையில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

"கட்டில் எந்தப் பக்கம் போடறதுன்னு பாக்கறேன். ஜன்னல் பக்கம் போட்டா வெயில் அடிக்கும். இந்தா, இந்த முனையைப் பிடி."

"அவ கத்துவா. சாமானை உடைப்பா."

"நீ உடைக்காத சாமானா? வாழ்க்கை முழுக்க லிஃப்ட்ல நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்தறவங்களைத்தான் வெளியே எடுத்துக்கிட்டிருக்கேன். மனுஷன் கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த வாரம் அவர் அந்த அறைக்கு வெள்ளை அடித்தார். கட்டில் வந்தது. தலையணை உறைக்கு எந்த நிறம் என்பதில் இருவருக்கும் வாக்குவாதமே வந்தது. கல்யாணமான புதிதில்கூட அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

மேலதிகாரியம்மா கெட்டவர் இல்லை. அவருக்கும் தலைக்கு மேல் வேலை. டீச்சர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பேனாவை மூடினார்.

"டீச்சர், நீங்க இங்க வேலை பாக்கறவங்க. இங்க இருக்கற புள்ளையை உங்களுக்குக் குடுக்க முடியாது."

"வேலையை விட்டுடறேன்."

"விட்டாலும் விண்ணப்பம் போட்டு, வீட்டைப் பாத்து, அனுமதி வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவ எங்க இருப்பா? அதோட..." அவர் தயங்கினார். "உங்க ரெண்டு பேர் வயசும் வரம்பைத் தாண்டிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"நாளைக்கே செத்துட மாட்டோம்மா."

"எனக்குத் தெரியும். ஆபீஸ் விதிக்குத் தெரியாதே."

தொலைவில் வேறு ஊரில், ஏற்கெனவே பல பிள்ளைகள் இருக்கும் ஒரு வளர்ப்பு வீட்டில் பூனைக்கு இடம் கிடைத்தது. போவதற்கு முந்தின சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். மற்றவர்கள் போனபிறகு டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தார். 

அவர் தொடங்குவதற்குள் பூனை கேட்டாள். "நான் சொன்னதாலதான டீச்சர்?"

"எதை?"

"பிடிக்கலைன்னு. அம்மான்னு கூப்பிட வரலைன்னு. எல்லாத்தையும்."

"சொன்னது தப்பில்லம்மா."

"தப்பில்ல. ஆனா சொன்னதாலதான?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையிடம் எந்தப் பெரியவரும் சொல்லக்கூடிய பொய்தான். ஆனால் முகத்தைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்; பொய்யை அவள் கண்டுபிடித்துவிடுவாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பூனை, கணக்குக்கு விடை சரியா என்று பார்த்துக்கொண்டவள்போலத் தலையை ஆட்டினாள். பிறகு டீச்சரின் கண்ணைப் பார்த்தாள்.

"அழாதீங்க டீச்சர். அந்த ஊர் நல்லா இருக்குமாம். எனக்குப் பிடிக்கும்" என்றாள். எழுந்து, மேஜையில் சிந்திக் கிடந்த வண்ணத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். தூரிகைகளைக் கழுவி அடுக்கினாள். முகம் துளியும் கலங்கவில்லை. படியில் இறங்கிப்போன சத்தம் டீச்சருக்குக் கேட்கவே இல்லை.

சில மாதம் கழித்து மேலதிகாரியம்மா டீச்சரைக் கூப்பிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார். "உங்க பூனை அங்க ரொம்ப நல்லா இருக்காளாம் டீச்சர். ஒரு தொந்தரவு இல்லையாம். சொல்லாமலே எல்லா வேலையும் செய்யறாளாம். கோபம்னா என்னன்னே தெரியாதாம். எல்லாம் உங்க வகுப்போட பலன்னு அந்த ஊர் அதிகாரி சொன்னார்."

டீச்சர் நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

பார்க்கப் போகலாம் என்று கணவர் சொன்னார். அனுமதி கேட்டார்கள். பிள்ளை புது இடத்தில் காலூன்றும் நேரம், பழைய ஆட்கள் வந்தால் கலங்கிவிடும் என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இருந்தது. எல்லோரிடமும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அதுதான் டீச்சருக்கு ஆறவே இல்லை. திட்டித் தீர்க்கக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை. தையல்காரம்மா ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தார். இருவரும் நின்றார்கள். "எப்படி இருக்கா?" என்று அவர் கேட்டார். "நல்லா இருக்காளாம்" என்றார் டீச்சர். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். அந்தப் பக்கத்து அறைக் கட்டிலில் இப்போது கணவரின் கருவிப் பைகள் கிடக்கின்றன. அதை விற்றுவிடலாம் என்று இருவரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வேலையை விட்டுவிட வேண்டும் என்று டீச்சர் தீர்மானித்தார். விடவில்லை. துணிச்சலோ நம்பிக்கையோ அதற்குக் காரணமில்லை. சனிக்கிழமை வந்தது, பிள்ளைகள் மாடியேறி வந்தார்கள், அவ்வளவுதான். பாடம் மட்டும் கொஞ்சம் மாறியது. முன்பு, உள்ளே இருப்பதைச் சொல் என்று மட்டும் கற்றுக்கொடுத்தார். இப்போது, யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், சொல்வதற்கு முன் எதிராளி தாங்குவாரா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் கற்றுக்கொடுக்கிறார். பிள்ளைகள் அதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள். ஒளித்து வைக்கத்தானே சொல்லித் தருகிறோம் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும். சொல்லித் தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

போன வாரம் புதிதாக ஒரு சிறுமி வந்தாள். வந்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து, அவளுக்கு எட்டும் தூரத்தில் களிமண்ணை வைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு ஒரு உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகளெல்லாம் போயாயிற்று. அவளை அழைத்துப்போக வந்திருந்த வளர்ப்பு அம்மா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"டீச்சர்" என்றது மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல். "எனக்கு உள்ள என்னமோ மாதிரி இருக்கு."

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்றார்.